கடலிலிருந்து எத்தனை மீட்டர்? சி.ஆர்.இசட். விதிகள்: ஓர் எளிய அறிமுகம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கப் போனால் தரகர் தாமாகவே சொல்லிவிடுவார்: "சார், இது சி.ஆர்.இசட்.ல வராது." கேட்பவரும் தலையாட்டிவிட்டு விலை பேசப் போய்விடுவார். வருமா வராதா என்பதை எங்கே பார்ப்பது, அதை யார் முடிவு செய்கிறார்கள், வந்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் தெரிந்தால் கடலோரக் கட்டுமான விதிகளில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சி.ஆர்.இசட். என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிடும் அறிவிக்கை இது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். அறிவிக்கையைத் திருத்த அமைச்சகமே போதும். 1991-ல் வந்த முதல் அறிவிக்கை 2009-க்குள் சுமார் 25 முறை திருத்தப்பட்டதற்கு இந்த வசதிதான் காரணம். பிறகு 2011-ல் புதிய அறிவிக்கை வந்தது, 2019-ல் அதற்கும் பதிலாக இன்னொன்று வந்தது. இன்று நாம் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி, கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். கடல் நீர் அதிகபட்சமாக ஏறும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கரையில் எந்தக் கட்டுமானமும் வேண்டாம் என்பது அதன் சாரம். கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. அந்த 500 மீட்டர் பத்தாண்டு கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, அறிவிக்கையாக உருவெடுத்தது. 'கட்டவே கூடாது' என்ற பேச்சு அதற்குள் 'எங்கே, எதை, எவ்வளவு கட்டலாம்' என்று மாறியிருந்தது.

கரைக்கு மட்டும் ஏன் தனி விதி?

மற்ற நிலம் போலக் கடற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுக்கப் பயணத்தில் இருக்கிறது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் வடக்கே போகும்; வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்தப் பாதையில் எதையாவது குறுக்கே கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும்.

சென்னையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடுபட்டுத் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணல் வரத்து குறைந்து, கடல் தெருத் தெருவாக உள்ளே வந்தது. இன்றும் அந்தப் பக்கம் பாறாங்கல் கொட்டித்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரக் கடற்கரையின் மணல் போய்விட்டது. ஓரிடத்தில் கட்டுகிறவர் ஒருவர், கரையை இழப்பவர் வேறொருவர். சொந்த நிலத்தில் கட்ட ஊருக்கு ஊர் அனுமதி கொடுத்தால் போதும் என்ற வழக்கமான முறை இங்கே தோற்பது இதனால்தான்.

மணல் மட்டும் இல்லை. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் புயலின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்வதும் அங்கேதான். மணல்மேடுகள் உப்பு நீர் உள்ளே வராமல் தடுத்து, கரையை ஒட்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்கச் செய்கின்றன. பங்குனி ஆமைகள் தை மாதம் தொடங்கிக் கரையேறி முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். மன்னார் வளைகுடாவில் கணக்கெடுத்திருந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தது அதற்கு முக்கியக் காரணம்.

எல்லாம் தொடங்குவது ஒரு கோட்டில்

500 மீட்டர் என்றால் எங்கிருந்து? இந்த விதிகளில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெரிதாக ஏறும் நாட்களில் தண்ணீர் நிலத்தில் எதுவரை வருகிறதோ, அதுதான் உயர் அலைக் கோடு. அலுவலகங்களில் எச்.டி.எல். என்பார்கள். அங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கடல்பக்கமாக 12 கடல் மைல் வரை தண்ணீரும் அதன் அடித்தளமும் கட்டுப்பாட்டுக்குள் வரும். தண்ணீர்ப் பகுதியைச் சேர்த்தது 2011-ல்.

கேட்க எளிதாக இருக்கிறது, அளக்கும்போதுதான் சிக்கல். சென்னையில் கடல் நீரின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரைத் தாண்டும். சரிவான மணற்கரையில் கோடு கரையோடு நின்றுவிடும். தட்டையான சேற்று நிலத்தில், உப்பங்கழியில், அது கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும். கடற்கரையின் நீளம்கூட அளக்கும் விதத்தைப் பொறுத்ததுதான்: 7,516 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்த இந்தியக் கடற்கரை, வளைவு நெளிவுகளை இன்னும் நுட்பமாக அளந்தபோது 11,098 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நிலம் வளரவில்லை, அளவுகோல் நுணுகிவிட்டது.

முன்பு வேறு வேறு நிறுவனங்கள் வேறு வேறு கோடுகள் போட்டன. ஒரே மனை ஒரு வரைபடத்தில் உள்ளேயும் இன்னொன்றில் வெளியேயும் இருக்கும். 2019 அறிவிக்கை இதை ஒழுங்குபடுத்தியது: சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் வரையும் கோடுதான் நாடு முழுவதற்கும் பொது. இன்னொன்றும் உண்டு, ஆபத்துக் கோடு. கடல்மட்ட உயர்வு, அரிப்பு, வெள்ளம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இந்திய நில அளவைத் துறை வரைந்தது. வரைபடத்தில் அது இருக்கும். ஆனால் 2019 விதிப்படி அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேரிடர்த் திட்டமிடலுக்கு மட்டும்தான். கடல் எங்கே வரப்போகிறது என்று செலவு செய்து கண்டுபிடித்துவிட்டு, கட்டட அனுமதி கொடுக்கும்போது அதைப் பார்க்க வேண்டாம் என்று விட்டது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

நான்கு வகைகள்

கோடு போட்டாயிற்று. அதற்குள் இருக்கும் இடங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வகை, தொடவே கூடாத இடங்கள். அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல் படுகை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, உப்புச் சதுப்பு, பறவைகள் கூடு கட்டும் இடங்கள், தொல்லியல் சின்னங்கள் எல்லாம் இதில் வரும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட ஈர நிலமும் இதில்தான். அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரையும் சேர்த்து விட வேண்டும். 'தொடவே கூடாது' என்றாலும் விலக்குகள் உண்டு: பாதுகாப்பு, குழாய்கள், மின் தடங்கள் போன்றவை.

இரண்டாம் வகை, ஏற்கெனவே கட்டி நிறைந்த நகரப் பகுதி. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், கடல்பக்கமாகக் கூடாது. பழைய விதியில், ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு 1991-ல் இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2019-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள்.

மூன்றாம் வகை ஊர்ப்புறம். சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். 1991 முதல் இங்கே முதல் 200 மீட்டர் 'வளர்ச்சித் தடைப் பகுதி'. விவசாயம், உப்பளம், விளையாட்டுத் திடல், ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பது, மீனவர்களுக்கான வசதிகள் போன்றவை மட்டும் நடக்கலாம். 200-க்கும் 500-க்கும் இடையில் உள்ளூர் மக்கள் 9 மீட்டர் உயரத்துக்கு மிகாமல், தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டிக்கொள்ளலாம். 2019 அறிவிக்கை இந்த ஊர்ப்புறத்தை இரண்டாக உடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்தால் தடைப் பகுதி வெறும் 50 மீட்டர். அதற்குக் கீழே இருந்தால் பழைய 200 மீட்டர்.

ஊர் நெரிசலாக இருப்பது கடலுக்குத் தெரியுமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கேரளக் கரையில் நெருக்கியடித்து வாழும் மீனவக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவை இப்படிப்பட்ட தளர்வுகள். 200 மீட்டருக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை சேர்க்க முடியவில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தக் குடும்பத்துக்காகத் திறந்த கதவு விடுதி கட்டுபவருக்கும் திறந்துவிடுகிறது. அதே 2019 விதிகள், கரையில் தற்காலிகக் குடில், உடை மாற்றும் அறை, கழிவறை போன்ற சுற்றுலா வசதிகளை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்கின்றன.

நான்காம் வகை தண்ணீர்: 12 கடல் மைல் வரை கடலும், ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) ஏறும் ஆறுகளும் கழிகளும். இங்கே கட்டுமானமா என்று கேட்காதீர்கள். மும்பைக் கடலில் சிவாஜி நினைவுச் சின்னம் அமைக்க வழிவிடுவதற்காக 2015-ல் விதியே திருத்தப்பட்டது. மெரினாவுக்கு எதிரே கடலுக்குள் முன்னாள் முதல்வர் கருணாநிதிக்காக 134 அடி உயரப் பேனா நினைவுச் சின்னம் அமைக்கும் திட்டத்துக்கு 2023-ல் ஒன்றிய அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்ததும் இந்தத் திருத்தம் தந்த வழியில்தான்.

கழி, காயல் ஓரங்களுக்கு ஒரு தனிக் கணக்கு. 1991-ல் ஓதம் ஏறும் நீர்நிலைகளின் கரையில் 100 மீட்டர் விட வேண்டும் என்றிருந்தது. 1994-ல் அரசு அதை 50 ஆகக் குறைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. 2019-ல் அதே 50 மீட்டர், அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்று மறுபடி வந்துவிட்டது.

அதே 1996 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. தஞ்சை, நாகை வயல்களை உப்பாக்கிய இறால் பண்ணைகளுக்கு எதிராக சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அந்தப் பண்ணைகள் இருக்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குத் தனி வழி அமைத்துக் கொடுத்தது. கடலோர விதிகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான்: நீதிமன்றம் இறுக்கும், அரசு தளர்த்தும்.

இலங்கையில் முறை சற்று வேறு. 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் என்று தனிச் சட்டமே உண்டு. நிலப்பக்கம் 300 மீட்டர், கடல்பக்கம் 2 கிலோமீட்டர். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கட்டடத் தடை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியபின் தளர்த்தினார்கள். மீனவர்களை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு ஓட்டல்களுக்கு வழிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கேயும் பலமாக எழுந்தது.

விதியைவிட வரைபடம் பெரிது

உங்கள் இடம் எந்த வகை என்பதை அறிவிக்கை சொல்லாது, வரைபடம்தான் சொல்லும். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் என்று பெயர். மாநில அரசு தயாரித்து, மக்கள் கருத்தைக் கேட்டு, ஒன்றிய அமைச்சகத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். புதிய வரைபடம் ஒப்புதல் ஆகும்வரை 2019-இன் தளர்வுகள் பொருந்தாது, 2011 விதிகளே தொடரும். இது பலருக்குத் தெரிவதில்லை. "அதான் 50 மீட்டர் ஆக்கிட்டாங்களே" என்று யாராவது சொன்னால், அந்த மாவட்டத்துக்கு 2019 வரைபடம் ஒப்புதலாகிவிட்டதா என்று திருப்பிக் கேளுங்கள்.

வரைபடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கொச்சி அருகே மரடு ஓர் உதாரணம். காயலோரத்தில் அடுக்குமாடிகள் கட்ட 2006-ல் அப்போதைய ஊராட்சி அனுமதி கொடுத்தது. இந்த விதிகளைக் கவனிக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தை யாரும் கேட்கவில்லை. அன்றைய வரைபடப்படி அது மூன்றாம் வகை, அந்த இடத்தில் கட்டவே கூடாது. ஊர் பிறகு நகராட்சியானது. அடுத்த வரைபடத்தில் இரண்டாம் வகைக்கு மாறியது. இப்போதைய வரைபடப்படி தவறில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. கட்டிய நாளில் எது அமலில் இருந்ததோ அதுதான் பொருந்தும் என்று 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 4 குடியிருப்புத் தொகுப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு முதற்கட்ட இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் தர உத்தரவானது. பத்திரம், வங்கிக் கடன், வரி ரசீது எல்லாம் சரியாக வைத்திருந்தவர்கள்தான் அவர்களும்.

எண்ணூரில் நடந்தது இதன் மறுபக்கம். 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் கட்டுப்பாட்டுக்குள் இருந்த சுமார் 6,500 ஏக்கர் கழிமுக நிலம் பிற்பாடு வந்த வரைபடத்தில் காணவில்லை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களை வைத்து 2017-ல் செயற்பாட்டாளர்கள் புகார் எழுப்பினார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. அனல் மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைகளும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த கழி. அங்கே வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால், தரையில் ஒரு வேலி எழ சட்டத் தடை இல்லாமல் போகும்.

மீனவர்களின் குறையும் வரைபடத்தைப் பற்றியதுதான். வலை காயவைக்கும் இடம், படகு ஏற்றி வைக்கும் கரை, கருவாடு உலர்த்தும் மணல், கரைவலை இழுக்கும் இடம் இவற்றுக்கெல்லாம் பட்டா இருக்காது. ஊர்ப் பொதுவாகத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வருபவை. வரைபடத்தில் குறிக்கப்படாவிட்டால் அரசுக் கோப்பில் அவை வெறும் புறம்போக்கு. மீனவர்களுக்கான நீண்டகால வீட்டுத் திட்டத்தையும் இதோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று 2011 முதலே விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் வரைவு வரைபடங்கள் வெளியானபோது மீனவக் கிராமங்களும் தொழில் செய்யும் இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று பல ஊர்களிலிருந்து எதிர்ப்பு வந்தது. வரைவு வெளியானதும் உங்கள் ஊர்த் தாளைத் திறந்து, தெரிந்த இடங்களெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பதுதான் சாதாரண மனிதர் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை. ஒப்புதல் ஆனபின் மாற்றுவது மலையைப் பிரட்டுவது போல.

சரி, மனை வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்? சர்வே எண்ணை வைத்துக்கொண்டு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் தேடுங்கள். எல்லைக்கு அருகே இருந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் உங்கள் சர்வே எண்ணுக்கென்று கோட்டைக் குறித்து வரைபடம் தரும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதில் மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்பது விதி. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்பு என்றால் உள்ளாட்சி அமைப்பே அனுமதி கொடுக்கலாம், ஆனால் அவர்களும் இதே விதிகளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெரிய திட்டங்கள் மாநில ஆணையத்தின் பரிந்துரையோடு போகும். முதல் வகையும் நான்காம் வகையும் என்றால் முடிவு டெல்லியில்.

மீறினால்? முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது மாறி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. கடலைப் பார்த்த விடுதி கட்டும் அளவுக்குப் பணம் வைத்திருப்பவருக்கு 15 லட்சம் என்பது நீச்சல்குளச் செலவு. அதனால் உண்மையான பயம் இன்னமும் இடிப்பு உத்தரவுதான், அதற்கு யாராவது வழக்குப் போட வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கொடுக்கப்பட்ட அனுமதியை எதிர்த்து அங்கே மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம்; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.